ஆறின சோறும் ஒரு கிலோ சாக்குக் கழிவும்

ஆனையூர், மதுரை.
14.6.1984

பிரியமுள்ள மாப்பிள்ளை நல்லகாமனுக்கு உன் அக்கா புருஷன் உக்கிரபாண்டி எழுதிக்கொண்டது. இங்கே நான் கல்லுப் போல இருக்கிறேன். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள், மாடு கன்று, கிணற்றுத் தண்ணீர் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கருப்பசாமி துணை நிற்கட்டும். பேரையூர்ப் பக்கம் மழை இறங்கியதாக பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள், சந்தோஷம். உன் வீட்டில் இன்னொரு ஆளும் இருப்பதாகக் கேள்வி. அந்த ஆளும் சௌக்கியமாக இருந்தால் சரி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மாப்ள, இது உன் அக்காளை அனுப்பி வை என்று கேட்கிற கடிதம் இல்லை. ஜெயக்கொடி அங்கே வந்து இன்றோடு நாற்பத்தேழு நாள் ஆகிறது. நான் ஒன்றும் நாள் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கிட்டங்கியில் காலையில் காலண்டர் தாள் கிழிக்கிற வேலை என்னுடையது, அதனால் தன்னால் தெரிந்துவிடுகிறது. இந்தக் கடிதம் ஒரு விஞ்ஞான விஷயமாக எழுதுவது. ஆறின சோறு தின்றால் உடம்பு இளைக்குமா இளைக்காதா என்று எனக்கும் உன் அக்காளுக்கும் நடந்த வழக்கில் ஜெயித்தது யார் என்று எழுத்துமூலம் தெரிவித்துக்கொள்கிறேன். சித்திரை பிறக்கும்போது தொண்ணூற்றிரண்டு கிலோ இருந்தவன் நேற்று எண்பத்தொன்று. முழுசாகப் பதினோரு கிலோ. இருபத்தேழு வருடமாகக் கீழமாசி வீதி பருப்புக் கிட்டங்கியில் மூட்டைக்கு எடை போடுகிறவன் நான், எடையில் மட்டும் பொய் சொல்ல மாட்டேன் என்று உனக்கே தெரியும். இந்த இடத்தை நீ அவள் காதில் விழுகிற மாதிரி கொஞ்சம் சத்தமாகப் படிக்கலாம்.

நடந்தது முழுக்க உனக்குத் தெரிய நியாயமில்லை. அவள் என்ன சொன்னாளோ, எதைச் சொல்லாமல் விட்டாளோ. ஆதியிலிருந்து சொல்கிறேன். பங்குனியில் முதலாளி வீட்டு மாடிக்கு ஒரு சீட்டு வாங்கப் போனவன் பாதிப்படியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். அவர் என் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, "பத்துக் கிலோ குறையணும், இல்லாட்டி ஆயுசுக்கும் மாத்திரை" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எப்படிக் குறைப்பது என்று கேட்டேன். வாயைக் கட்டு என்றார். மூட்டையின் வாயைக் கட்டத்தான் எனக்குத் தெரியும். இந்த யோசனையோடு நான் உட்கார்ந்திருந்தபோது அடுத்த கடை நாகூர் கனி பாய் வந்தார். பழைய சாக்கு வாங்கி, கிழிசல் தைத்து விற்கிறவர், நல்ல மனுஷர். பக்கோடா மடித்து வந்த தாளை எறிவதற்கு முன் படித்துவிடுகிற பழக்கம் உள்ளவர். அன்று மடித்து வந்தது ஒரு வாரப் பத்திரிகையின் வைத்தியப் பக்கம். அதில் ஒரு டாக்டர் எழுதியிருந்தார்: சோறு வடித்து நன்றாக ஆறிக் கிடந்தால் அதில் உள்ள மாவுச்சத்தில் ஒரு பங்கு இறுகிப்போகிறதாம். இறுகினதை வயிற்றால் சுலபமாகச் செரிக்க முடியாதாம். செரிக்காதது உடம்பில் ஒட்டாதாம். சீமையில் இதை வைத்துப் பெரிய பெரிய ஆராய்ச்சி நடக்கிறதாம். அதற்குக் கீழே "ஆனால்" என்ற ஒரு சொல் இருந்தது, அதோடு தாள் கிழிந்திருந்தது. அந்த "ஆனால்" பற்றி நானும் பாயும் அன்றைக்குக் கவலைப்படவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அக்காளிடம், "இன்னைக்கு ராத்திரி வடிக்கிற சோத்தை ஆற வெச்சிரு, இனிமே எனக்குச் சுடுசோறு ஆகாது" என்றேன். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். "பழசு தின்னா இளைக்கும்னு உங்களுக்கு எவன் சொன்னது? எங்க ஊர்ல காலையில பழசு குடிக்காதவன் யாரு? எங்கப்பன் பழசு குடிச்சா இளைச்சாரு? வெயில்ல மம்பட்டி பிடிச்சுல்ல இளைச்சாரு!" என்றாள். நான் எண்ணெய்த் தாளை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். மாவுச்சத்து இறுகுவதை இரண்டு தடவை படித்தேன். அவள் கேட்டுவிட்டு அடுப்பு விறகை உள்ளே தள்ளினாள். அப்புறம், "நான் பொறந்த வீட்டுல சுடுசோறு கண்டது பொங்கலுக்கும் கெடாவெட்டுக்கும்தான். இங்க வாக்கப்பட்டு வந்து இருபத்தாறு வருசத்துல ஒரு நாளாவது உங்க தட்டுல ஆவி பறக்காமச் சோறு போட்டுருக்கேனா? இப்ப அதுதான் உங்களுக்கு ஆகாததாப் போச்சு" என்றாள். மாப்ள, உங்கள் வீட்டில் ஒரு வேளைதான் உலை வைப்பார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. அந்த நேரத்தில் தாளை மடித்துப் பையில் போட்டிருக்க வேண்டும். போடாமல், "இது விஞ்ஞானம்டி, உனக்குப் புரியாது" என்று ஒரு வார்த்தை சொன்னேன்.

ஆனாலும் அவள் செய்தாள். ராத்திரி வடித்து, பானையில் ஆறவிட்டு, காலையில் எனக்கு வைத்தாள். நான் சுளித்துக்கொண்டே தின்று நிமிர்ந்தால் அவள் தட்டிலும் அதே ஆறின சோறு. "உனக்கு எதுக்கு? நீ சுடுசோறு வடிச்சுத் தின்ன வேண்டியதுதானே" என்றேன். "உங்க தட்டு ஆறிக் கெடக்கையில எனக்கு மட்டும் என்ன ஆவி வேண்டிக் கெடக்கு" என்றாள். அதை அன்றைக்கு நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. இப்போது தினமும் அடுப்பாங்கரைப் பக்கம் போனால் கேட்கிறது.

இப்படிப் பன்னிரண்டு நாள் போனது. நான் தராசில் ஏறிப் பார்த்தேன், அரைக் கிலோ குறைந்திருந்தது. ஒரு சாட்சி போதாது, இன்னொரு சாட்சியும் வேண்டும் என்று பாய் சொன்னார். அவளும் அதே சோறுதானே தின்கிறாள் என்று எனக்கும் தோன்றியது. அன்று மத்தியானம் வழக்கத்துக்கு மாறாக அவளே தூக்குச்சட்டியோடு கிட்டங்கிக்கு வந்தாள். நான், "ஒரு நிமிசம் இதுல ஏறி நில்லு" என்றேன். "போங்க அங்கிட்டு, அம்புட்டுப் பேரு நிக்கிறாங்க" என்றாள். கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே ஏறினாள். போட்டோ பிடிக்க நிற்கிற மாதிரி முந்தானையைச் சரி செய்துகொண்டு நேராகப் பார்த்தபடி நின்றாள். அரக்குச் சுங்குடி கட்டியிருந்தாள். நான் தராசுத் தண்டில் குண்டைத் தள்ளினேன். தண்டு சமமாக நின்றது. நின்றவுடன் என் இருபத்தேழு வருடப் பழக்கம் வாயைத் திறந்துகொண்டது மாப்ள. முதல் மூட்டையை ஒன்று என்று எண்ணக்கூடாது, லாபம் என்று சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும், சாக்கின் எடையைக் கழித்து நிகரம் சொல்லித்தான் முடிக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம், உனக்கும் தெரியும். தெருமுனை வரை கேட்கிற என் கிட்டங்கிக் குரலில், "லாபோம்! அறுபத்தெட்டரை! சாக்குக் கழிவு ஒண்ணு! நிகரம் அறுபத்தேழரை!" என்று கூவிவிட்டேன். அதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. மூலையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த லோடுமேன் பேச்சிமுத்து அந்தக் குரலைக் கேட்டதும் கொக்கியைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்து, "எந்த அடுக்குலண்ணே போடணும்?" என்றான்.

கிட்டங்கியே சிரித்தது. வாசலில் வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று பாய் சொல்கிறார், எனக்கு நினைவில்லை. ஜெயக்கொடி சிரிக்கவில்லை. மெதுவாக இறங்கினாள். கையிலிருந்த தூக்குச்சட்டியைத் தராசின் மேல் வைத்தாள். "இதையும் போட்டுக்கோங்க. கழிவு எம்புட்டுன்னு நீங்களே கழிச்சுக்கோங்க" என்றாள். அப்போதும் என் கை தன்னால் குண்டைத் தள்ளியது. மூன்று கிலோ இருநூறு. நிமிர்ந்து பார்த்தபோது அவள் தெருவைக் கடந்துவிட்டாள். வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்து பார்த்தால் கொடியில் இரண்டு சேலை இல்லை, சாவி முத்துத்தாய் வீட்டில் இருந்தது. முத்துத்தாய் யாரென்றால் அடுத்த வீட்டு எருமைக்காரம்மா, தினம் காலையில் நம் வீட்டுக் கழனித்தண்ணிக்கு வாளியோடு வரும், நீ பார்த்திருக்கிறாய். "அக்கா பேரையூர் பஸ்ஸுக்குப் போயிருச்சுண்ணே" என்றது.

நான் செய்தது தப்பா சரியா என்று நீயே சொல். சுங்குடிச் சேலை அரைக் கிலோகூடத் தேறாது, அதற்கு முழுசாக ஒரு கிலோ கழித்திருக்கிறேன். அரைக் கிலோ அவள் பக்கம் சலுகை. வேறு எந்த ஆளுக்கும் நான் அப்படிக் கழித்ததில்லை, முதலாளி மூட்டைக்குக்கூடக் கிடையாது. இதை நான் கனி பாயிடம் சொன்னேன். அவர் வீட்டில் போய்த் தன் வீட்டுக்காரி சாதிகா தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை சொல்லி அனுப்பியது: "அண்ணன் இந்த நியாயத்தை எல்லாம் வெளிய சொல்ல வேணாம்னு சொல்லுங்க. மொதல்ல அக்காவைப் போய்க் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

அது முடிகிற காரியமா மாப்ள? கோபித்துக்கொண்டு போன பெண்ணைப் பிறந்த வீட்டு ஆள் கொண்டுவந்து விட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கட்டினவன் வந்து கூப்பிட்டால்தான் அனுப்புவோம் என்பது உங்கள் பக்கத்து வழக்கம். உன்னை எதிர்பார்த்து நான் இங்கேயும் என்னை எதிர்பார்த்து நீ அங்கேயும் இருக்கிறோம், இதில் குற்றம் யாருடையதும் இல்லை. இரண்டு மூன்று தடவை வேறு ஜோலியாக பஸ் ஏறினேன், அதை யாராவது பார்த்துச் சொல்லியிருக்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. முதல் தடவை திருமங்கலத்தில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் தடவை கல்லுப்பட்டி வரை வந்தேன், அங்கே டீ நன்றாக இருக்கும் என்று சொன்னார்கள். மூன்றாம் தடவை பேரையூரே வந்துவிட்டேன், ஆனால் இறங்கவில்லை. கண்டக்டர் வந்து, "எறங்கலையாண்ணே?" என்றார். "இல்லப்பா, போன வாரம் இதே பஸ்ல ஒரு சாமானை விட்டுட்டேன், தேடிக்கிட்டு இருக்கேன்" என்றேன். நல்ல மனுஷர், சீட்டுக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினார். அதே பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அன்று நான் அங்கே யாரையும் பார்க்கவில்லை.

இனி விஞ்ஞானத்துக்கு வருகிறேன். அவள் போனதும் சோறு வடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் தராசுக்குண்டுக்கு எண்ணெய் போட உட்கார்ந்தேன், சோறு கரியாகிவிட்டது. இரண்டாம் நாள் கஞ்சி வடிக்கும்போது மூடி நழுவிச் சோறு பாதி சாக்கடைக்குப் போனது. மூன்றாம் நாள் சோறு சரியாக வந்தது, ஆனால் பானைக்கு மேலே என்ன மூடுவது என்று தெரியாமல் சுளகைக் கவிழ்த்தேன், பூனை வந்து தன் பங்கை எடுத்துக்கொண்டது. அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு நாள் பானை பொங்கி, நுரைத்து, தெருவுக்கே வாசம் போனது. முத்துத்தாய் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து, "அண்ணே, மண்பானையை மாத்தி மாத்தி வெயில்ல காய வெக்கணும்ணே, அக்கா அப்படித்தான் செய்யும்" என்றது. இந்த மாதிரி விஷயம் ஒன்றைக்கூட உன் அக்காள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கு இன்னும் விளங்காத ஒன்று இருக்கிறது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று இருபத்தேழு வருட எடைக்காரனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தினமும் கை இரண்டு உழக்கு அளந்துவிடுகிறது. குறைத்து அள்ளினால் பானை வெறிச்சென்று இருக்கிற மாதிரி தோன்றி மறுபடி போட்டுவிடுகிறேன். எப்படியோ ஒரு நாள் தவறாமல் ராத்திரி வடித்து, ஆறவைத்து, காலையில் சட்டி காலி. பலன் தெரிய ஆரம்பித்தது. முதல் வாரம் இரண்டு கிலோ, அடுத்த வாரம் இன்னொரு இரண்டு என்று எடை பொலபொலவென்று உதிர்ந்தது.

இளைத்ததில் எனக்கு வந்த தொந்தரவுகளையும் சொல்ல வேண்டும். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, சாக்கு தைக்கிற சணலை பாய் கொடுத்தார், அதைத்தான் அரைஞாண் மாதிரி கட்டியிருக்கிறேன். போன மாதம் துவரம் பருப்பு மூட்டையில் கைவிட்டுச் சாம்பிள் எடுத்தபோது விரலில் இருந்த மோதிரம் காணாமல் போய்விட்டது. என் கல்யாணத்தில் மச்சினன் முறைக்கு நீ போட்டாயே, அந்த மோதிரம். அப்போது நீ டிரவுசர் போட்ட பயல், என் விரலில் ஏறாமல் சோப்பு நுரை தடவி ஏற்றினாய், உன் அக்காள் மணவறையில் குனிந்தபடியே சிரித்தாள், எனக்கு அது தெரிந்தது. அந்த மோதிரம் இத்தனை வருடத்தில் கழற்ற நினைத்தாலும் கழன்றதில்லை. நான் போட்ட கூச்சலில் நாலு மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டி, லோடுமேன் எல்லோரும் சுளகு வைத்துப் புடைத்தார்கள். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அது என் வேட்டி மடிப்பிலேயே இருந்தது. பேச்சிமுத்து அதை எடுத்துக் கொடுத்து, "அண்ணே, அழாதீங்கண்ணே, கெடைச்சிருச்சுல்ல" என்றான். பருப்புத் தூசி கண்ணில் பட்டால் அப்படித்தான் இருக்கும். இப்போது மோதிரத்தில் நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன்.

இதற்கிடையில் என் பேர் வெளியே பரவிவிட்டது. கீழமாசி வீதியில் யார் பார்த்தாலும், "என்ன மருந்துண்ணே?" என்கிறார்கள். ஆறின சோறு என்கிறேன். முதலாளி வீட்டில் இப்போது எல்லோருக்கும் ஆறின சோறு, சின்ன முதலாளி மட்டும் கடைக்கு ஓடி வந்து இட்லி தின்கிறார். லோடுமேன் பத்துப் பேரும் ஆரம்பித்தார்கள், அவர்கள் ஏற்கெனவே பழசு தின்றுகொண்டிருந்தவர்கள் என்பதால் ஒரு மாற்றமும் இல்லை. முத்துத்தாய்கூட எருமைத் தொழுவத்தை விட்டு வந்து கேட்டுவிட்டுப் போய், ஆறின சோற்றுக்குக் கருவாடு, மோர் மிளகாய், சின்ன வெங்காயம் என்று வைத்துக்கொண்டு ஒரு மாதம் தின்றது. மூன்று கிலோ கூடிவிட்டது. "பழசு எறங்குதுண்ணே, எம்புட்டு எறங்குதுன்னே தெரியாம எறங்குது" என்றது. அது தின்ற அளவு தப்பு, முறை தப்பு இல்லை. என் கணக்கை யாராலும் மறுக்க முடியாது.

ஒரே ஒரு குறை. அன்றைக்குப் பிறகு எனக்கு அந்த "லாபம்" வாயில் வருவதில்லை. முதல் மூட்டை ஏறினதும் வாயைத் திறக்கிறேன், அரக்குச் சுங்குடி கட்டி ஒருத்தி நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது, "ஒண்ணு" என்று சொல்லிவிடுகிறேன். வியாபார இடத்தில் ஒன்று என்று ஆரம்பித்தால் விளங்குமா? முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டுக் கண்டித்துவிட்டார். இப்போது முதல் மூட்டையை மட்டும் பேச்சிமுத்து கூவுகிறான், இரண்டிலிருந்து நான்.

வேறு விசேஷம் இல்லை. உன் அக்காளிடம் போகிற போக்கில் நாலைந்து விஷயம் மட்டும் கேட்டு எழுது, நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். புளிப்பானை எங்கே இருக்கிறது? சாமி மாடத்து விளக்குக்குத் திரி எதில் திரிக்கிறாள்? வாசல் முருங்கையைக் கவாத்து பண்ணச் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆடியிலா ஆவணியிலா? ராத்திரி படுக்கும் முன் கடைசியாக ஏதோ ஒரு கதவை இழுத்து ஒரு சத்தம் வரும், அது எந்தக் கதவு? நான் எல்லாக் கதவையும் இழுத்துப் பார்த்துவிட்டேன், அந்தச் சத்தம் வரவில்லை. முத்துத்தாய் அவளை விசாரித்தது. முத்துத்தாயின் எருமை நன்றாக இருக்கிறது. மிகவும் நன்றாக இருக்கிறது.

ஆக, ஆறின சோறு உடம்பை இளைக்க வைக்கும் என்று நான் சொன்னது ருசுவாகிவிட்டது, வழக்கில் ஜெயித்தவன் நான் என்று அவளிடம் தெரிவிக்கவும். கோபம் தீர அவள் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும், இங்கே எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. உன் பிள்ளைகள் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள். குலசாமி உன் நிலத்தில் மழையையும் உன் வீட்டில் சிரிப்பையும் குறைக்காமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மச்சான்,
உக்கிரபாண்டி

பி.கு.: மேலே எழுதினதைக் காலையில் எழுதினேன். தபால்பெட்டி வரை கொண்டு போனேன். வழியில் கனி பாய் கூப்பிட்டார். பக்கோடாக் கடையில் அந்தப் பத்திரிகைத் தாளின் மிச்சம் கிடைத்ததாம், எனக்காக எடுத்து வைத்திருந்தார். "ஆனால்" என்பதற்குப் பிறகு டாக்டர் எழுதியிருந்தது இது: "ஆனால் இதனால் மட்டும் உடம்பு இளைத்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். இறுகுவது கொஞ்சம்தான். மொத்தத்தில் எவ்வளவு தின்கிறோம் என்பதுதான் முக்கியம்." பாய் படித்து முடித்துவிட்டு என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். "அப்ப இந்தப் பதினோரு கிலோ எங்கண்ணே போச்சு?" என்றார்.

எடையில் பொய் சொல்ல மாட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், எடையில் பொய் இல்லை. மற்றதெல்லாம் பொய் மாப்ள. அவள் போன அன்று தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே சுடுசோறு, இரண்டு பேருக்கு. பன்னிரண்டு நாள் நான் சுளித்துச் சுளித்துத் தின்றதைப் பார்த்து மனசு கேட்காமல் கொண்டுவந்திருக்கிறாள். திரும்பி வருவாள் என்று மூடி வைத்தேன், வரவில்லை. சாயங்காலம் ஆறிப்போன அந்தச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றேன். நான் தின்ற கடைசி ஆறின சோறு அதுதான். அதற்குப் பிறகு தினமும் இரண்டு உழக்கு வடிப்பேன், அவள் தட்டையும் எடுத்து வைப்பேன், இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. காலையில் பானையோடு முத்துத்தாயின் வாளியில் கவிழ்த்துவிடுவேன். நாற்பத்தேழு நாளாக ஒழுங்காக ஆறின சோறு தின்றது அந்த எருமை ஒன்றுதான். அதைக் கிட்டங்கித் தராசில் ஏற்ற முடியாது, ஏற்றாமலே தெரிகிறது, தொழுவ வாசலில் நுழைய முடியாமல் நிற்கிறது. உன் அக்காள் சொன்னதுதான் சரி. வழக்கில் அவள் ஜெயித்துவிட்டாள்.

இன்னொரு பொய். மூன்றாம் தடவை பஸ்ஸில் வந்தபோது ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். குழாயடியில் உன் மகளோடு குடம் வைத்துக்கொண்டு நின்றாள். அதே அரக்குச் சுங்குடி. எனக்குத் தராசு வேண்டியதில்லை, கண்ணே போதும். அறுபத்து நாலுக்கு மேல் இருக்க மாட்டாள். உன் வீட்டில் சுடுசோறுதானே போடுகிறாய்? அப்படியும் அவள் ஏன் இளைத்தாள் என்று அன்று முதல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு இருக்கிற காரணமே அவளுக்கும் இருந்தால், மாப்ள, அதைவிட எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

இந்தக் கடிதத்தில் ஸ்டாம்பு இல்லை என்று பார்த்திருப்பாய். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன். இந்தத் தடவை இறங்கிவிட்டேன். கடைக்கார மலையாண்டி உன் வீட்டுப் பக்கம் பால் வாங்கப் போகிறாராம், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கூப்பிடாமல் வாசல் மிதிக்கிற வழக்கம் என் பக்கம் இல்லைதான். பஸ் ஸ்டாண்டில் உட்காரக்கூடாது என்று ஒரு வழக்கமும் எந்தப் பக்கமும் கிடையாது. அவளுடைய தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்து மடியில் வைத்திருக்கிறேன். போன திங்கட்கிழமை அத்தனை லோடுமேன் முன்னாலும் தராசில் ஏறி நின்று, பேச்சிமுத்துவை லாபம் கூவச் சொல்லி, சாக்குக் கழிவும் போடச் சொல்லி, கொக்கியோடு வரச் சொன்னேன் என்றும் அவளிடம் சொல். யாருமே சிரிக்கவில்லை.

அவள் வர மாட்டேன் என்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன், உனக்குத் தொந்தரவு தர மாட்டேன். ஒருவேளை உலை வைக்கிறேன் என்று அவள் எழுந்தால், சோறு வடித்ததும் ஆள் அனுப்பு. ஆறுவதற்குள் வந்துவிடுகிறேன்.